பருவுக்கு ஒளி சிகிச்சை எடுத்தேன், முகம் கறுத்துவிட்டது: தொடரலாமா?

26 வயது வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

பள்ளிக் காலத்தில் தொடங்கிய பரு இன்னும் போகவில்லை. கன்னங்களில் சிவந்த பருக்கள், தாடையோரத்தில் தொட்டாலே வலிக்கும் கட்டிகள், நெற்றியில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள். கட்டி வந்து அமுங்கிய இரண்டு மூன்று இடங்களில் சின்னக் குழி விழுந்திருக்கிறது. மாநிறம்; வெயில் பட்டால் சீக்கிரம் கறுத்துவிடும் தோல். ஒரு தோல் மருத்துவர் மயிர்க்கால் அடைப்பைத் திறக்கும் அடாபலீன் ஜெல்லும், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஜெல் எரிந்தது, தோல் உரிந்தது. "இதெல்லாம் போட்டால் தோல் மெலிந்துவிடும்" என்று தெரிந்தவர்கள் சொல்ல, மூன்றாவது வாரமே நிறுத்திவிட்டார். மாத்திரையை மட்டும் தொடர்கிறார்.

அப்புறம் ஒளி சிகிச்சை எடுத்தவர்களின் அனுபவங்களைத் தேடித் தேடிப் படித்திருக்கிறார். "எட்டே வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது" என்று ஒருவர், "காசுக்குப் பிடித்த கேடு" என்று இன்னொருவர். நல்லதாகச் சொன்னவர்களை நம்பி, ஒரு கிளினிக்கில் நீலமும் சிவப்பும் சேர்ந்த எல்.இ.டி. சிகிச்சைக்கு 12 சிட்டிங்குக்கும் மொத்தமாகப் பணம் கட்டினார். வாரத்துக்கு ஒன்றாக 6 முடிந்துவிட்டது. மேலாக இருந்த பருக்கள் கொஞ்சம் அமுங்கின. கட்டிகள் அப்படியே இருக்கின்றன. முகம் மொத்தமும் ஒரு சுற்று கறுத்துவிட்டது. கிளினிக்கில் கேட்டால், "உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது, பாதியில் விட்டால் இரட்டிப்பாகத் திரும்பும்" என்கிறார்கள். தொடரலாமா, நிறுத்தினால் பணம் போய்விடுமே, வீட்டில் வாங்கி வைத்திருக்கும் எல்.இ.டி. மாஸ்க்கைப் பயன்படுத்தலாமா, கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரைக்குப் பயந்துதானே இந்தப் பக்கம் வந்தேன், இனி என்ன செய்வது? இவைதான் அவருடைய கேள்விகள். நான்கு மாதத்தில் வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் இருக்கின்றன என்ற கவலையும் கூடவே.

நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த சிட்டிங்குக்குப் போகாதீர்கள். உங்களை நேரில் பார்க்காமல் முடிவாக நோயைப் பெயர் சொல்ல என்னால் முடியாது. ஆனால் நிறுத்தச் சொல்வதற்கு நேரில் பார்க்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதே போதும்.

கடிதத்தில் ஒரு விவரத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சையின்போது கட்டிவிடும் கண்கவசம் மறைத்த இடம் மட்டும் பழைய நிறத்தில், இரண்டு வட்டமாக, கண்ணைச் சுற்றித் தெரிகிறது என்று. அனுப்பிய படத்திலும் அது தெளிவாக இருக்கிறது. கன்ன எலும்புக்கு மேலே, கவசத்தின் விளிம்பு படிந்த இடத்தில், கோடு கிழித்த மாதிரி நிறம் மாறுகிறது. உள்ளேயிருந்து அழுக்கு வெளியே வந்திருந்தால் கவசத்தின் வடிவத்தைப் பார்த்து ஒதுங்கிப் போயிருக்காது. வெளிச்சம் பட்ட இடம் கறுத்திருக்கிறது, படாத இடம் தப்பித்திருக்கிறது. காரணம் அந்த ஒளியாகவே இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தோலைக் கறுக்க வைக்கும், அதிலும் நீலத்துக்கும் ஊதாவுக்கும் நெருங்கிய ஒளிக்கு அந்தக் குணம் அதிகம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல-ஊதா ஒளியையும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டார்கள். சிவப்பு ஒளி நிறத்தை மாற்றவில்லை. 415 ஒளி ஏற்படுத்திய கருமை மூன்று மாதம் வரைகூட நீடித்தது. பருவுக்கான நீல ஒளிக் கருவிகளில் பெரும்பாலானவை வேலை செய்வது இதே 415 பக்கத்தில்தான். வெளுத்த தோலுக்கு இது பெரிய பிரச்சினையாகத் தெரியாது. மாநிறத்துக்கும் அதற்கு மேலான கருமைக்கும் சிகிச்சை தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

அப்படியானால் ஒளி சிகிச்சையே பொய்யா? இல்லை. மயிர்க்காலுக்குள் வாழும் பாக்டீரியா போர்ஃபைரின் என்ற பொருளைத் தானே தயாரிக்கிறது. நீல ஒளி அதன் மேல் படும்போது வீரியமான ஆக்சிஜன் உருவாகி அந்தப் பாக்டீரியாவையே அழிக்கிறது. சிவப்பு ஒளி இன்னும் ஆழமாக இறங்கி வீக்கத்தைத் தணிக்க உதவுகிறது. உங்களுடைய மேலோட்டமான பருக்கள் அமுங்கியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஆனால் பரு வருவதற்குப் பாக்டீரியா ஒரு காரணம் மட்டுமே. எண்ணெய் அதிகம் சுரப்பது, மயிர்க்காலின் வாய் அடைபடுவது, அங்கே அழற்சி கிளம்புவது, இத்தனைக்கும் பின்னால் நின்று தூண்டும் ஹார்மோன்கள் என்று மற்றவையும் இருக்கின்றன. இந்த நீல ஒளி அடைப்பைத் திறக்காது, ஹார்மோனைத் தொடாது, தாடையோரக் கட்டியின் ஆழத்துக்கு இறங்காது. பாக்டீரியாவும் சிகிச்சை நின்ற பிறகு மெல்ல மெல்லத் திரும்பிவிடும். நெற்றியில் இருக்கும் கரும்புள்ளிகள் அசையாததும், கட்டிகள் அப்படியே இருப்பதும் இதனால்தான்.

"பாதியில் விட்டால் இரட்டிப்பாகத் திரும்பும்" என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பழைய நிலைக்குத் திரும்பலாம், அவ்வளவுதான். பயமுறுத்தி உட்கார வைக்கும் இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தைத் தருகிறது. முகம் கறுத்து வந்து நிற்கும் ஒருவருக்கு முதலில் செய்ய வேண்டியது சிகிச்சையை நிறுத்துவதும் தோலைப் பரிசோதிப்பதும்.

அடுத்தவர் அனுபவத்தை எப்படிப் படிப்பது

நீங்கள் படித்த அனுபவங்களில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர்கள் எழுதாமல் விட்டதுதான் உங்களைத் தடுமாற வைத்தது. "ஒளி சிகிச்சை" என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வது பல வேறு வேறு சிகிச்சைகளை. நீல-சிவப்பு எல்.இ.டி. ஒன்று. மருந்தைத் தடவி, தோல் அதை உறிஞ்சியபின் ஒளி பாய்ச்சும் ஒளியியக்க சிகிச்சை இன்னொன்று. அதில் எரிச்சலும் வீக்கமும் பக்கும் வருவது சாதாரணம், அதன் பிறகு 48 மணி நேரமாவது வெளிச்சத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஐ.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்லும், பளிச் பளிச் என்று அடிக்கும் தீவிரத் துடிப்பு ஒளி மூன்றாவது. தோலின் நிறமியே அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் கருமையான தோலில் சூட்டுக்காயமும் தழும்பும் விழும் ஆபத்து உண்டு. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 1726 நானோமீட்டர் லேசர் இவை எதிலும் சேராதது. அது பாக்டீரியாவை விட்டுவிட்டு எண்ணெய்ச் சுரப்பியையே சூடாக்கிச் செயலிழக்க வைக்கிறது. அந்த அலைநீளத்தை நிறமி அதிகம் உறிஞ்சாததால் கருமையான தோலுக்கும் பொருந்துகிறது. "எனக்கு லேசர் கேட்டது" என்று ஒருவர் எழுதினால் இவற்றில் எது என்று தெரியாமல் அந்த வரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, அவர் கூடவே என்ன மருந்து போட்டார் என்று பாருங்கள். பலர் ஜெல்லும் மாத்திரையும் தொடர்ந்துகொண்டே ஒளி சிகிச்சையும் எடுக்கிறார்கள். பலன் தெரிந்ததும் புகழ் மட்டும் விளக்குக்குப் போய்விடுகிறது. ஜெல் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும், சிட்டிங் முடியவும் ஏறக்குறைய அதே காலம் ஆகிறது. எது குணப்படுத்தியது என்று அவருக்கே தெரியாது. எப்போது எழுதினார் என்பதும் முக்கியம். கடைசி சிட்டிங் முடிந்த வாரத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் திரும்பி வந்து எழுதுவது அபூர்வம். இன்னொன்று, பரு தானாகவே ஏறி இறங்கும் நோய். ஆகமோசமான நாளில்தான் நாம் சிகிச்சையைத் தேடிப் போகிறோம், அதன் பிறகு கொஞ்சம் இறங்குவது எப்படியும் நடக்கக்கூடியதுதான்.

ஆய்வுகளையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். 2000இல் வெளியான, பலரும் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வில், நீல-சிவப்பு ஒளி எடுத்தவர்களுக்கு 12 வாரத்தில் வீங்கிய பருக்கள் சராசரியாக 76 சதவீதம் குறைந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் சேர்ந்த 107 பேருக்கும் இருந்தது லேசான, நடுத்தரமான பரு. ஒளியை எடுத்தது தினமும் 15 நிமிடம். உங்களுக்கு ஆழமான கட்டிகள், சிட்டிங் வாரம் ஒருமுறை. அந்த எண்ணை உங்கள் முகத்துக்கு எடுத்து வைக்க முடியாது. 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 71 ஆய்வுகளை, 4,211 பேரின் விவரங்களோடு, மொத்தமாக அலசியது. எந்த ஒளி சிகிச்சையையும் உறுதியாகப் பரிந்துரைக்கப் போதுமான தரமான ஆதாரம் இல்லை என்பதே முடிவு. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் 2024 வழிகாட்டுதலும் ஒளி, லேசர் சிகிச்சைகளைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்றே சொல்கிறது. மருந்தைத் தொட முடியாத சிலருக்கு, லேசான பருவுக்கு, துணையாக ஒளி உதவலாம். மருந்துக்குப் பதிலாக வைப்பதற்கு அது இன்னும் தகுதி பெறவில்லை.

நீங்கள் நிறுத்திய ஜெல், நீங்கள் பயந்த மாத்திரை

அடாபலீன் தோலை மெலிய வைக்காது. அந்தக் கெட்ட பெயர் ஸ்டீராய்டு க்ரீம்களுக்குச் சேர வேண்டியது. நீண்ட நாள் போட்டால் தோலை மெலியச் செய்பவை அவை. அடாபலீனால் முதல் சில வாரம் எரிச்சலும் உரிதலும் வரும், பெரும்பாலானவர்களுக்குத் தானாக அடங்கும். நீங்கள் நிறுத்தியது அது அடங்கத் தொடங்கும் நேரத்தில். மறுபடி ஆரம்பிக்கும்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் மாய்ச்சரைசர் தடவி, அதன் மேல் முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. பரு இருக்கும் இடத்தில் மட்டும் புள்ளி வைப்பது பலன் தராது. ஆனால் இப்போதே எடுத்துப் போட வேண்டாம். ஒளியால் சீண்டப்பட்ட தோல் எரிச்சல் இல்லாமல் அமைதியாகட்டும், எப்போது தொடங்கலாம் என்று உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அஸலாயிக் அமிலம் பற்றியும் அவரிடம் கேளுங்கள். அது பருவுக்கும் கருமைக்கும் சேர்த்து வேலை செய்யும்.

டாக்சிசைக்ளின் விஷயம் கொஞ்சம் தீவிரமானது. அது வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும் மருந்து. அதைச் சாப்பிடுவதைக் கிளினிக்கில் நீங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எந்த ஒளிக் கருவியின் முன்னால் உட்காரும் முன்பும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. தவிர, ஆன்டிபயாட்டிக்கை மட்டும் தனியாக, மாதக்கணக்கில் சாப்பிடுவது பாக்டீரியாவுக்கு எதிர்ப்பு சக்தியைப் பழக்கிக் கொடுக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்டாமல், கூடவே பாக்டீரியாவை அழிக்கும் பூச்சு மருந்தான பென்சாயில் பெராக்சைடு போட்டுத்தான் கொடுப்பது வழக்கம். அது 2.5 சதவீதமே போதும், 10 சதவீதத்துக்கு எரிச்சல்தான் கூடும். தலையணை உறையும் துண்டும் வெளுத்துப்போகும் என்பதால் வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசோட்ரெட்டினோயினைப் பற்றிப் பேசுவோம். குழி விழத் தொடங்கிவிட்டது, கட்டிகள் ஓயவில்லை, வீடியோ அழைப்பில் கேமராவைத் திறக்கவே தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தழும்பு விழுகிற பருவையும், மனதை இந்த அளவு அழுத்துகிற பருவையும் எண்ணிக்கை பார்க்காமல் கடுமையானதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆகவே அந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரோடு பேசும் தகுதி உங்களுக்கு நிச்சயம் இருக்கிறது. பரு உண்டாகும் எல்லாப் படிகளையும் தொடும் மருந்து அது ஒன்றுதான். பயத்துக்குரிய உண்மையான காரணம் ஒன்று உண்டு: கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரும் ஆபத்து மிக அதிகம். சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. ஆனால் பிற்காலத்தில் பிள்ளை பெறும் திறனை அது கெடுப்பதில்லை. உதடு வறண்டு வெடிக்கும், அநேகமாக எல்லோருக்கும். கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். மனநிலை பற்றிய பயத்தைப் பெரிய ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. இருந்தாலும் முன்பே மனச்சோர்வு இருந்தாலோ, மாத்திரை எடுக்கும்போது மனம் கனத்தாலோ மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளினையும் இதையும் ஒரே நேரத்தில் சாப்பிடவே கூடாது, மண்டைக்குள் அழுத்தம் கூடும் ஆபத்து இருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் இருந்த ஒரு வரி

மாதவிலக்கு சில சமயம் 45 நாள் வரை தள்ளிப்போகிறது, அதற்கு ஒரு வாரம் முன்னால் தாடையில் கட்டி கிளம்புகிறது என்று முடிக்கும்போது எழுதியிருந்தீர்கள். எனக்கு முழுக் கடிதத்திலும் இதுதான் பெரிதாகத் தெரிந்தது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மகளிர் மருத்துவரைப் பார்த்து ஹார்மோன் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். ஹார்மோன்தான் காரணம் என்றால் அதற்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன. எத்தனை சிட்டிங் போனாலும் வெளிச்சம் அங்கே எட்டாது.

மாஸ்க், பணம், உங்கள் உரிமை

வீட்டு மாஸ்க்கை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். கிளினிக் கருவியைவிட வீரியம் குறைவு என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். நீல ஒளியே உங்கள் தோலைக் கறுக்க வைத்திருக்கும்போது, அதே ஒளியைத் தினமும் கொடுப்பதில் அர்த்தமில்லை. கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும். 2019இல் பிரபலமான ஒரு வீட்டு ஒளி மாஸ்க்கை, விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும் ஒளி ஒவ்வாமை உண்டாக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கண்பாதிப்பு வரலாம் என்ற கவலையால் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். நீங்கள் சாப்பிடும் மருந்து அந்த ரகத்தைச் சேர்ந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் 12 சிட்டிங்கும் முடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எந்தச் சிகிச்சையையும் எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. மீதி 6 சிட்டிங்குக்கான பணத்தை வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். கூடவே உங்கள் சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள்: கருவியின் பெயர், அலைநீளம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், யார் செய்தார்கள், பின்விளைவுகள் பற்றி முன்கூட்டி என்ன சொன்னார்கள். பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த மருத்துவருக்கு இந்தக் குறிப்பு தேவைப்படும். மறுத்தால், நீங்கள் வசிக்கும் இடத்தின் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுக்க இதே காகிதங்கள்தான் உதவும். பணத்துக்குப் பதிலாக வேறொரு சிகிச்சை தருகிறோம், லேசர் செய்கிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கறுத்த தோலின் மேல் உடனே அடுத்த கருவியைக் கொண்டுவருவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

இனி செய்ய வேண்டியது

இன்றே முகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணைச் சுற்றியுள்ள அந்த இரண்டு வட்டமும் தெரியும்படி. நாளாக நாளாக அது மங்கும், பிறகு சான்று இருக்காது. மருத்துவர் கண்ணாடித் துண்டு ஒன்றை உங்கள் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்க்கக்கூடும். அழுத்தும்போது மறைகிற சிவப்பு, ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது. மறையாத பழுப்பு, நிறமி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நிறமி மேல்தோலில் மட்டும் இருந்தால் சில மாதங்களில் மங்கும், ஆழமாக இறங்கியிருந்தால் இன்னும் காலம் எடுக்கும். கொப்புளமோ, புண்ணோ, கண்ணில் வலியோ, பார்வை மங்கலோ இருந்தால் சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது நிறம் கலந்ததாக, அயர்ன் ஆக்சைடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். உங்கள் தோலைக் கறுக்க வைத்தது அந்த இரண்டாவது வகை ஒளி. காலையில் ஒருமுறை, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பருவைக் கிள்ளுவதையும், தேய்த்துக் கழுவுவதையும், எலுமிச்சை மாதிரி எதையாவது பூசுவதையும் இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குள் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். சரியான மருந்தை இந்த மாதமே தொடங்கினால் நான்கு மாதத்தில் புதுப் பருக்கள் கணிசமாகக் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. கருமை அதற்குள் முழுசாகப் போகும் என்று வாக்குத் தர மாட்டேன். குழிக்கு வைத்தியம் பரு அடங்கிய பிறகுதான். அதுவரை மேக்கப் போட்டுக்கொள்வதில் தவறில்லை, அதனால் பரு கூடிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். மயிர்க்காலை அடைக்காத வகை என்று லேபிளில் போட்டிருப்பதாக வாங்கி, இரவில் படுக்கும் முன் கழுவிவிட்டால் போதும். நிறம் கலந்த சன்ஸ்கிரீனே பாதி மேக்கப் வேலையைச் செய்துவிடும்.